கருமுத்தும் ‘இயற்கை’ என்னும் சொல்லும்

புதுச்சேரி நேரு வீதியில் மாலை வேளையில் நடந்து செல்லும் எவரும் நகைக்கடைக் கண்ணாடிகளை ஒரு முறையாவது நோக்காமல் செல்வதில்லை. தங்கமும் வைரமும் நிறைந்த இத்தகைய கண்ணாடிப் பேழைகளில் இப்போது ஆங்காங்கே கருமுத்தும் இடம் பெறுகிறது. தோடு, பதக்கம், மோதிரம் எனப் பல வடிவில் வரும் அதனருகே வைக்கப்படும் அட்டையில் ‘இயற்கைக் கருமுத்து’ என்றோ ‘ஒரிஜினல் தாகித்தி முத்து’ என்றோ எழுதியிருக்கும். வாசக நண்பர்களே, இந்த அட்டையின் சொற்களையும், அந்த முத்தை நகையாக்கும் முறையையும் சற்று உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நகையை விமர்சிக்க இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். முத்தின் அழகில் பெரும்பகுதி ஒளியின் வேலை. ஒளியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘இயற்கை’ என்பது முத்து வாணிகத்தில் மூன்று பொருளில் வழங்குகிறது. மனிதர் தலையீடு ஏதுமின்றிக் கடலடிச் சிப்பிக்குள் தற்செயலாக உருவான முத்து என்பது ஒரு பொருள். சொல்லுக்கு உண்மையில் உரிய பொருள் இதுவே. மனிதர் மணி வைத்து வளர்த்த முத்தேயாயினும் அதன் கருநிறத்தைச் சிப்பி தானே தந்தது என்பது அடுத்த பொருள். பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ அல்ல, சிப்பியிலிருந்து வந்தது என்பது மூன்றாம் பொருள். கடைகளில் ‘ஒரிஜினல்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பொருளே கொள்ளப்படுகிறது. சாயம் ஏற்றிய முத்தும் இப்பொருளில் ‘இயற்கை’ ஆகிவிடும்! முதற்பொருளின் பெருமையை வாங்குவோர் மனத்தில் ஏற்றி, இரண்டாம் பொருளின் விலையைச் சொல்லி, மூன்றாம் பொருளின் சரக்கைக் கொடுப்பதற்கு இந்த ஒரே சொல் இடம் தருகிறது. என் குற்றச்சாட்டு இதுதான்.

முதற்பொருளை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாம். மன்னார் வளைகுடாவில் கொற்கைக் காலந்தொட்டு நடந்துவந்த முத்துக்குளிப்பு, நம் கரையில் 1961-ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. பாட்டி காலத்து நகைகளையும் பெருஞ்செல்வர் ஏலத்தில் எடுப்பவற்றையும் நீக்கிவிட்டால், இன்று கடையில் புதிதாக விற்கும் முத்துக்களில் ஏறத்தாழ எல்லாமே வளர்ப்பு முத்துக்கள்தாம். இதில் இழிவு ஒன்றுமில்லை. ஆயினும் ‘வளர்ப்பு’ என்ற சொல்லை அட்டையில் எழுத நம் வணிகர்கள் ஏனோ கூச்சப்படுகின்றனர். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. பாரிசிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருமுத்து நகையோடு வரும் சான்றிதழில் ‘பெர்ல் த குல்த்யூர் த தாயித்தி’, அதாவது தாகித்தியின் வளர்ப்பு முத்து, என்று எழுதியிருக்கும். பிரெஞ்சு தெரிந்த முதியவர்கள் இன்றும் நம் ஊரில் இருக்கின்றனர். அவர்களில் ஒருவரிடம் கொடுத்தால் ‘குல்த்யூர்’ என்ற சொல்லைச் சுட்டிக் காட்டுவார். அதே முத்து நம் கடை அட்டைக்கு வரும்போது அந்த ஒரு சொல் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது.

இனி இரண்டாம் பொருள். இயல்பாகவே கருநிறம் கொண்ட உப்புநீர் வளர்ப்பு முத்து என்பது உண்மையில் உள்ள பொருள்தான். வெப்பக் கடல்களில் வாழும் கருவுதட்டு முத்துச் சிப்பி இதைத் தருகிறது. இதன் விலங்கியற் பெயர் பிங்டாடா மார்கரிடிஃபெரா. இதன் ஓட்டின் உட்புறம் வெள்ளி போல் ஒளிர, ஓரம் மட்டும் கரும்பச்சையும் சாம்பலும் கலந்து உதட்டில் மை தீட்டியது போல் இருக்கும். பிரெஞ்சு பொலினீசியாவில் 1960-களின் தொடக்கத்தில் ழான் மரி தோமார் என்ற அலுவலர் இச்சிப்பியில் முத்து வளர்க்கும் சோதனையைத் தொடங்கினார். அப்பத்தாண்டிலேயே மனிஹி என்ற பவளத் தீவில் முதற் பண்ணை எழுந்தது. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவிலுள்ள குவாய்மாஸில் வேறோர் இனச் சிப்பியிலும் கருமை சார்ந்த முத்துக்கள் வளர்க்கப்படுகின்றன.

வளர்க்கும் முறை சுருக்கமாக இது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில் கிடைக்கும் நன்னீர்ச் சிப்பியின் தடித்த ஓட்டைக் கடைந்து உருண்டை மணியாக்குவர். இன்னொரு முத்துச் சிப்பியைப் பலியிட்டு, ஓட்டைச் சுரக்கும் அதன் மென்தசை விளிம்பிலிருந்து நறுக்கிய சிறு துண்டு ஒன்றுடன் அந்த மணியை வளர்ப்புச் சிப்பியின் உடலுக்குள் வைப்பர். தசைத்துண்டு மணியைச் சுற்றி வளர்ந்து பையாகி, மணியின்மீது படலம் படலமாக முத்துப்பூச்சைச் சுரக்கும். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளில் முத்து எடுக்கப்படும். முத்தின் நிறத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வளர்க்கும் சிப்பி அன்று. தசையைக் கொடுத்துவிட்டு இறந்த சிப்பியே. ஆகவே ஓட்டின் உட்புறம் நல்ல பச்சையோ நல்ல ஊதாவோ காட்டும் சிப்பிகளைத் தேர்ந்து தசை எடுப்பர். ‘இயற்கை நிறம்’ என்பதிலும் மனிதரின் தேர்வு இவ்வாறு கலந்தே இருக்கிறது. ஒட்டு மாங்கனியின் இனிப்பு இயற்கையா என்று கேட்பது போன்றது இது. நான் இயற்கை என்றே சொல்வேன். ஆனால் தோப்புக்காரரை மறைத்துவிட்டுச் சொல்ல மாட்டேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது? ‘கருமுத்து’ என்று சொல்கிறோமே தவிர, மையைப் போல் கறுத்த முத்து இச்சிப்பியிலிருந்து கிடைப்பது அரிது. சாம்பல், கரும்பச்சை, கத்தரிப்பூ நிறம், செம்பு கலந்த பழுப்பு எனப் பல சாயல்கள் உண்டு. பச்சையும் இளஞ்சிவப்பும் ஒன்றாகத் தோன்றும் வகையை வணிகர்கள் மயிலின் பெயரால் அழைக்கின்றனர். நமக்கு இது புதிதன்று. மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையைப் பாருங்கள். பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் வேறு நிறம். மடிப்பைத் திருப்பினால் பச்சை நீலமாகும், நீலம் பச்சையாகும். முத்திலும் கோணத்தைப் பொறுத்து நிறம் மாறுகிறது. ஆனால் அங்கே இரு நிற நூல்கள் இல்லை. அங்கே நடப்பது ஒளிக் குறுக்கீடு.

முத்துப்பூச்சு என்பது அராகனைட் என்னும் கால்சியம் கார்பனேட்டுப் படிகத் தகடுகள், செங்கல் சுவர் போல் அடுக்கடுக்காய் அமைந்த ஒன்று. செங்கற்களுக்கிடையே சுண்ணாம்புச் சாந்து போல, கான்கியோலின் என்னும் கரிமப்பொருள் மிக மெல்லிய பூச்சாக இருக்கிறது. ஒரு தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 0.3 முதல் 0.5 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முத்துப்பூச்சின் மொத்தத் தடிப்பு 0.8 மில்லிமீட்டர் என்று கொண்டால், தகட்டுக்கு 0.4 மைக்ரான் வீதம் இரண்டாயிரம் அடுக்குகள்! ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒளியின் சிறு பகுதி திரும்பி வருகிறது. அடுத்தடுத்த அடுக்குகளிலிருந்து திரும்பும் அலைகள் முகடோடு முகடு சேர்ந்தால் அந்த நிறம் வலுக்கும்; முகடோடு பள்ளம் சேர்ந்தால் அந்த நிறம் அழியும்.

கணக்கும் கடினமானதன்று. நேராக விழும் ஒளிக்குத் தகட்டின் தடிப்பை ஒளிவிலகல் எண்ணால் பெருக்கி, அதை இருமடங்காக்கினால், அது அலைநீளத்தின் முழு மடங்காக இருக்க வேண்டும். இத்திசையில் அராகனைட்டின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.68. தடிப்பு 0.32 மைக்ரான் எனில் பெருக்கி வருவது 1.075 மைக்ரான். இதில் பாதி 0.538 மைக்ரான். இது பச்சை. தடிப்பு 0.38 மைக்ரான் எனில் அதே கணக்கில் 0.638 மைக்ரான், அதாவது சிவப்பு. பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே உள்ள தடிப்பு வேறுபாடு மைக்ரானில் நூற்றுக்கு ஆறு பங்கு மட்டுமே. மயில்கழுத்து முத்தில் பச்சையும் சிவப்பும் ஏன் அருகருகே உலவுகின்றன என்பது இப்போது விளங்கும். முத்தைச் சாய்த்துப் பார்க்கும்போது வலுக்கும் அலைநீளம் குறைவதால், உருண்டையின் நடுவில் ஒரு நிறமும் விளிம்பில் வேறு நிறமும் தோன்றுகின்றன. இளநிலை மாணவர்கள் நியூட்டன் வளையச் சோதனையில் பயன்படுத்தும் சோடியம் விளக்கின் கீழ் ஒரு நல்ல கருமுத்தை வைத்துப் பாருங்கள். மயில் பறந்துவிடும். ஒரே அலைநீளம் மட்டுமே உள்ள ஒளியில் மஞ்சளின் ஒளியும் நிழலும் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

அப்படியானால் வெள்ளை முத்திலும் இதே அடுக்குகள் இருக்கின்றனவே, அங்கே ஏன் இத்தனை நிறம் இல்லை? பாடநூல்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமலே கடந்துவிடுகின்றன. மழைநாளில் பெட்ரோல் நிலையத்தின் முன் தார்ச்சாலையில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அதே எண்ணெயை வெள்ளைப் பீங்கான் ஓட்டின்மேல் உள்ள நீரில் விட்டுப் பாருங்கள், நிறம் வெளிறிப்போகும். எண்ணெய்ப் படலம் இரண்டிடத்திலும் ஒன்றே. வெள்ளை ஓடு எல்லா அலைநீளங்களையும் சிதறித் திருப்பி அனுப்பிக் குறுக்கீட்டு நிறத்தை மூழ்கடிக்கிறது. கருந்தார் அந்த வெள்ளொளியை விழுங்கிவிடுகிறது. வெண்மயிலின் கதை இதே கதை. அதன் இறகிலும் நுண்ணமைப்பு இருக்கிறது. கருநிறமி இல்லாததால் நிறம் எடுபடவில்லை. கருமுத்தில் நிறமி செய்வது இந்தக் கருந்தாரின் வேலை. அது உட்சென்ற ஒளியை விழுங்கி, மேலடுக்குகளின் குறுக்கீட்டு நிறத்தைத் தனித்து ஒலிக்கவிடுகிறது. கருமுத்தை விரும்புவோர் உண்மையில் விரும்புவது கருமையை அன்று. கருமையால் வெளிப்படும் நிறங்களையே.

இத்துறையில் நம்மவர் பங்கும் உண்டு என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் பெங்களூரில் தம் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய காலத்தில், டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து 1954-ஆம் ஆண்டில் முத்துக்களின் அமைப்பையும் ஒளியியல் நடத்தையையும் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். முத்து காட்டும் வண்ண ஒளிவட்டம் ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே இடம் பெற்றது. அவருக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1814-இல், ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் சிப்பி ஓட்டை மெழுகில் அழுத்தி எடுத்து, ஓட்டின் நிறங்களில் சில மெழுகுக்கும் இடம்பெயர்வதைக் கண்டார். மேற்பரப்பின் நுண்வரிகளால் உண்டாகும் விளிம்பு விளைவு நிறங்கள் மெழுகில் பதியும்; உள்ளடுக்குகளால் வரும் குறுக்கீட்டு நிறங்கள் பதியா. மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. சிப்பியும் அரக்கும் போதும்.

இப்போது சாயத்துக்கு வருவோம். வெளிர் முத்தை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் ஊறவைத்து, பின் ஒளியிலோ ஹைட்ரஜன் சல்பைடு வாயுவிலோ காட்டினால் முத்து கறுக்கும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும், பழைய புகைப்படத் தாள் கறுத்ததும் இதே வேதியியலின் பிள்ளைகள். இன்னொரு முறை, கோபால்ட் 60 தரும் காமாக் கதிர்களைப் பாய்ச்சுவது. இதில் முத்துப்பூச்சு அவ்வளவாக மாறுவதில்லை. நன்னீர்ச் சிப்பியால் ஆன உள்மணியில் மாங்கனீசு கூடுதலாக இருப்பதால் மணிதான் கறுக்கிறது. மெல்லிய பூச்சின் வழியே அந்தக் கருமை நீலச் சாம்பலாகத் தெரிகிறது.

நேர்மையாகச் சொல்வதானால், சாயமேற்றுவோரும் நாம் மேலே கண்ட அதே இயற்பியலைத்தான் பயன்படுத்துகின்றனர். பின்புலத்தைக் கறுப்பாக்கினால் அடுக்குகளின் நிறம் வெளிப்படும் என்பதை அவர்கள் அனுபவத்தால் கண்டுகொண்டனர். நல்ல சாய முத்து கண்ணுக்கு அழகாகவே இருக்கும். அதைச் சாய முத்து என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

சண்டை எங்கே வருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருவர், தம் அக்காள் திருமணத்துக்காக வீட்டார் சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய ஒரு ஜோடிக் கருமுத்துத் தோட்டையும் அதன் பில்லையும் கொண்டுவந்தார். கடை எது என்பது இங்கே தேவையில்லை. பில்லில் ‘பிளாக் பேர்ல் ஒரிஜினல்’ என்று இருந்தது. பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கியில் பார்த்தபோது இரு முத்தும் அச்சில் வார்த்தது போல் ஒரே கருமை. சாயல் மாற்றம் இல்லை. ஒரு முத்தைப் பத்தர் கழற்றித் தந்தார். துளையின் வாயில் கருமை திட்டாகத் தேங்கி, உள்ளே செல்லச் செல்ல வெளிறியிருந்தது. புற ஊதா விளக்கின் கீழ் இரண்டும் செத்துக் கிடந்தன. “ஏமாற்றிவிட்டார்களா, சார்?” என்று மாணவி கேட்டார். பில்லை மீண்டும் படித்தேன். அது கறுப்புதான், சிப்பியிலிருந்து வந்த முத்துதான். பில்லில் பொய் ஒன்றும் இல்லை. சட்டப்படி முறையிட அந்தக் குடும்பத்துக்குப் பிடிமானமாக ஒரு சொல்லும் அதில் இல்லை. அந்தத் தோட்டில் இருந்த தங்கத்துக்கோ மூன்று முத்திரைகள்!

புற ஊதா விளக்கு எதைக் காட்டும் என்று சொல்ல வேண்டும். கருவுதட்டுச் சிப்பியின் நிறமிகளில் யூரோபார்ஃபிரின் என்னும் பொருளுக்கு இடமுண்டு. இது நம் குருதியின் ஹீமுக்கும் இலையின் பச்சையத்துக்கும் உறவுக்காரர். கீரையை ஸ்பிரிட்டில் கசக்கி வடிகட்டிய பச்சைச் சாற்றின்மேல் புற ஊதா ஒளி பாய்ச்சினால் அது இரத்தச் சிவப்பாக ஒளிர்வதை ஆய்வகத்தில் கண்டிருப்பீர்கள். அந்தக் குடும்பக் குணம் முத்துக்கும் உண்டு. இயல்பான கருநிற முத்து நீள் அலைப் புற ஊதா ஒளியில் மங்கிய செம்பழுப்பாக ஒளிரும். வெள்ளி ஏற்றிய முத்து பெரும்பாலும் அவ்வாறு ஒளிர்வதில்லை. கள்ள நோட்டைப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கே ஓரளவு போதும். ஆனால் இருட்டறை வேண்டும், விளக்கைக் கண்ணால் நேரே பார்க்கலாகாது. மிகக் கறுத்த முத்தில் செம்மை தெரியாமலும் போகலாம் என்பதால் இதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. தீர்ப்புக்கு நிறமாலைச் சோதனை உண்டு. யூரோபார்ஃபிரின் 405 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். இச்சிப்பியின் முத்துக்களில் 700 நானோமீட்டர் அருகேயும் ஓர் உறிஞ்சல் பள்ளம் காணப்படுகிறது. சாயம் இந்தப் பள்ளத்தைத் தோண்டித் தராது. எக்ஸ் கதிர்ப் படமும் உதவும். வெள்ளியின் அணு எண் 47, கால்சியத்தின் அணு எண் 20. வெள்ளி தேங்கிய இடம் கதிரைக் கூடுதலாக விழுங்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இவற்றுக்கெல்லாம் மும்பை, ஜெய்ப்பூர் போன்ற நகரங்களில் இரத்தினச் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன.

இந்தச் சோதனைகளே கருமுத்து வாணிகத்தின் முதுகெலும்பு என்றால் மிகையாகாது. 1970-களில் சல்வடார் அசாயேல் என்ற முத்து வணிகர் தாகித்தி முத்துக்களை நியூயார்க்கில் விற்க முயன்றபோது முதலில் வாங்குவாரில்லை. சாய முத்துக்களைக் கண்டு பழகிய சந்தை ஐயுற்றது. பின்னர் ஹாரி வின்ஸ்டன் என்ற புகழ்பெற்ற நகைக்கடையின் கண்ணாடிப் பேழையில் மிக உயர்ந்த விலையோடு அவை வைக்கப்பட்டன. வைரம், மரகதம் இவற்றோடு சேர்த்து இதழ்களில் விளம்பரம் செய்யப்பட்டன. விலை ஏறிற்று. பொருளாதார ஆசிரியர்கள் இந்தக் கதையைச் சொல்லி, விலை என்பது மனத்தில் நடப்படும் நங்கூரமே என்று முடிப்பது வழக்கம். கதையில் பாதியைத்தான் அவர்கள் சொல்கின்றனர். அதே பத்தாண்டில்தான் அமெரிக்க இரத்தினவியல் கழகம் இம்முத்துக்களின் நிறம் சிப்பி தந்ததே என்று ஏற்றுக்கொண்டது. பேழை தந்த விலை பிற்காலத்தில் நிலைக்கவில்லை. பண்ணைகள் பெருகி முத்து மலிந்ததும், 1990-களின் இறுதியிலிருந்து ஒரு கிராமின் விலை செங்குத்தாகச் சரிந்தது. நிறமாலையில் உள்ள பள்ளம் மட்டும் அன்றிருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது.

சொல்லை விட்டு நகைக்கு வருவோம். உயர்வகை நகைகளில் கருமுத்தைப் பயன்படுத்தும் முறையிலும் எனக்குக் குறைகள் தோன்றுகின்றன. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே உருண்டை என்று ஆயிரக்கணக்கான முத்துக்களிலிருந்து பொறுக்கிக் கோத்த மாலைக்கே மிக உயர்ந்த விலை. வெள்ளை முத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தலாம். சாயல் மாற்றமே உயிராக உள்ள கருமுத்தில் ஒருமையைத் தேடுவது, மயில் தோகையில் ஒரே நிறக் கண்களை மட்டும் விட்டு மற்றவற்றைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும். விளைவு, தூரத்திலிருந்து பார்க்கக் கருகமணி மாலை! உருண்டை தவறிய, உடலைச் சுற்றி வளையம் வளையமாகப் பள்ளங்கள் விழுந்த முத்துக்களைச் சந்தை மட்டமாக மதிக்கிறது. அவ்வளையங்களில் ஒவ்வொன்றும் வேறு நிறம் காட்டுவதை நான் கண்டிருக்கிறேன். கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் துணிந்து அவற்றை வாங்கலாம், கண்ணுக்கு இழப்பில்லை.

அடுத்தது தங்கம். பளபளக்கும் 22 காரட் மஞ்சள் தங்கக் குமிழுக்குள் பாதி முத்து புதையும்படி நம் பத்தர்கள் பதிக்கின்றனர். முத்தின் விளிம்புப் பகுதியில்தான் கோணம் மிகுந்து நிறம் மாறும். அந்த விளிம்பைக் குமிழ் மறைத்துவிடுகிறது. மறையாத இடத்திலும் தங்கத்தின் மஞ்சள் பிம்பம் விழுந்து பச்சையைக் கெடுக்கிறது. செம்பழுப்பும் கத்தரிப்பூவுமான முத்துக்குத் தங்கம் நன்றாகவே சேரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பச்சைச் சாயல் முத்தைக் கீழே ஒரு முளையில் மட்டும் நிறுத்தி, சுற்றிலும் திறந்துவிடுவதே நல்லது. கடைகளின் விளக்கு இன்னொரு பகை. தலைக்கு மேல் நூறு சிறு விளக்குகள் எரிந்தால் முத்தின்மேல் நூறு வெள்ளைப் புள்ளிகள். வைரத்துக்கு அது அழகு. முத்தை வாங்குமுன் கடை வாசலுக்கு வந்து, வெயில் நேரே படாத வானவெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

விளம்பரப் படங்களில் கருமுத்தை எப்போதும் வெளுத்த கழுத்தில்தான் காட்டுகின்றனர். கறுப்புக்கு வெளுப்பு எடுப்பாம். இது கருமுத்தை மணியாகப் பார்ப்பவர் கணக்கு. வெளுத்த தோலின்மேல் முதலில் தெரிவது முத்தின் கருமைதான். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அந்தக் கருமை பின்வாங்கி, முத்தின் ஒளிர்வும் அதைச் சுற்றிய நிறவளையமும் மட்டும் முன்னே வந்து நிற்கின்றன. தார்ச்சாலையின் எண்ணெய்ப் படலத்தை நினைவுகூருங்கள். இந்த நகை யார் கழுத்துக்கு ஏற்றது என்று இயற்பியலைக் கேட்டால், அது நம் பெண்களைத்தான் கைகாட்டும். கறுப்பு மங்கலமன்று என்று மறுக்கும் பெரியோர், கருகமணி கோத்த தாலிச்சரடு பல குடும்பங்களில் மங்கலமாக இருப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பில் பற்றி ஒரு சொல். இன்று முத்திரையிட்டு விற்கும் தங்க நகைகளில் தர நிர்ணய முத்திரையும், தூய்மை எண்ணும், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளமும் பொறிக்கப்படுகின்றன. அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டுமே சான்று. அதில் பதித்த முத்துக்கு அன்று. எனவே முத்துக்கான சான்றை வாங்குவோரே கேட்டு எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. வளர்ப்பு முத்தா, உப்புநீரா நன்னீரா, நிறம் இயல்பானதா ஏற்றியதா, முத்தின் எடை தனியே எவ்வளவு என்பவற்றைப் பில்லில் எழுதித் தருமாறு கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் ஒருவர் தயங்காமல் எழுதித் தந்தார். வேறொருவர், “சார், நம்பிக்கைதானே வியாபாரம்” என்றார். நம்பிக்கையை எழுத்தில் தருவதில் என்ன தடை என்பதற்கு அவரிடம் விடை இல்லை.

‘தாகித்தி’ என்ற இரண்டாம் சொல் மிச்சமிருக்கிறது. தாகித்தித் தீவில் இம்முத்துக்கள் பெரும்பாலும் விளைவதில்லை. பண்ணைகள் துவாமோத்து, காம்பியே தீவுக்கூட்டங்களில், பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளன. தாகித்தியில் இருப்பது சந்தையும் துறைமுகமும். மதுரையில் விளையாத சுங்குடிப் பருத்தியும் மதுரைச் சுங்குடிதானே என்று இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் குக் தீவுகளிலும் ஃபிஜியிலும் இதே சிப்பியில் இதே முத்து விளைகிறது. நம் அந்தமான் கடலிலும் கருவுதட்டுச் சிப்பி வாழ்கிறது. அங்கே அதில் கருமுத்து வளர்த்துக் காட்டிய அஜய் குமார் சோன்கருக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தூத்துக்குடியிலோ இக்கலைக்கு அரை நூற்றாண்டு வயதாகிவிட்டது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் க. அழகர்சாமியும் அவர் குழுவினரும் வேப்பலோடைக் கரையில் 1973-ஆம் ஆண்டு ஜூலையில் நம் நாட்டுச் சிப்பியில் உருண்டை வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். அது பிங்டாடா ஃபுகாட்டா என்ற இனம்; பொன்மஞ்சளும் பாலேட்டு நிறமும் தருவது. கருவுதட்டுச் சிப்பி மன்னார் வளைகுடாவில் அரிதாகவே கிடைக்கிறது. ஆயினும் அதன் இளம் உயிரிகளை முட்டைப் பருவத்திலிருந்து வளர்த்த விவரத்தை அதே குழுவினர் 1989-இல் ஆய்விதழில் வெளியிட்டுள்ளனர். அறிவு நம்மிடம் இருந்தும், கடையில் விற்கும் கருமுத்துக்கு நாம் இன்னும் தென்கடலின் அக்கரையையே நோக்கிக்கொண்டிருக்கிறோம்.

அந்தமான் முத்து ஒன்றும் துவாமோத்து முத்து ஒன்றும் ஒரே அளவில், ஒரே சாயலில் ஒரு நாள் என் மேசைக்கு வந்தால், நான் மேலே விவரித்த சோதனைகளில் எதுவும் அவற்றைப் பிரித்துக் காட்டாது. சிப்பி ஒன்று, நிறமி ஒன்று, 700 நானோமீட்டர்ப் பள்ளமும் ஒன்று. நிறம் இயல்பா சாயமா என்ற கேள்விக்கு ஒளி விடை சொல்கிறது. எந்தக் கடல் என்ற கேள்விக்குப் பண்ணைக்காரரின் பதிவேடும், அதிலிருந்து கடைவரை அறுபடாமல் வந்து சேரும் தாள்களுமே விடை சொல்ல வேண்டும். அடுத்த முறை ‘ஒரிஜினல் தாகித்தி முத்து’ என்ற அட்டையைக் காணும்போது அந்தத் தாள்களைக் காட்டச் சொல்லுங்கள்.